ஆஸ்திரேலியா ஒர்க் அண்ட் ஹாலிடே விசால போனா கடலும் பாத்து வேலையும் பாக்க முடியுமா?

26 வயசு, டிகிரி கையில இருக்கு, ஆஸ்திரேலியா ஒர்க் அண்ட் ஹாலிடே விசா கெடச்சா ஒரு வருஷம் அங்க போய் டைவிங், சர்ஃபிங் கத்துக்கிட்டே கஃபே, ஃபார்ம்னு கெடைக்கிற வேலைய பாத்து செலவ சமாளிக்க முடியுமா, எந்த ஊர்ல போய் இறங்கணும், கடன் வாங்கியாவது போகலாமான்னு தம்பி ஒருத்தர் கேட்டிருந்தாரு. நான் ஆஸ்திரேலியாவோட வடகிழக்குக் கரைல இருக்குற கெய்ன்ஸ்ல ஒன்பது வருஷமா இருக்கேன். படிக்க வந்தவன், செமஸ்டர் லீவுல டல்லி பக்கம் வாழைத் தோட்டத்து பேக்கிங் ஷெட்ல நின்னிருக்கேன், அப்புறம் ரீஃப்ங்கற பவளப்பாறைத் திட்டுக்கு போற டைவ் படகுல டெக் வேலைக்கு சேந்தேன், இப்பவும் படகுதான் சோறு போடுது. அதனால தெரிஞ்சத கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுமையா படிங்க.

முடியும் தம்பி. ஆனா இங்க கடலுக்கும் வேலைக்கும் ஒரே காலண்டர்தான், அத புரிஞ்சிக்காம வந்தா ரெண்டும் கைய விட்டு போயிடும்.

எப்படின்னா, கெய்ன்ஸ், ஏர்லி பீச், டவுன்ஸ்வில், அந்தப் பக்கம் டார்வின், புரூம்னு வடக்க இருக்குற ஊருக்கெல்லாம் வருஷத்துல ரெண்டே காலம். மே மாசத்துல இருந்து அக்டோபர் வரைக்கும் மழை இல்லாத காலம், நவம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் மழையும் புயலும். மழை இல்லாத காலத்துல தண்ணி தெளிவா இருக்கும், மே தாண்டினா கொட்டுற ஜெல்லிமீன் கிட்டத்தட்ட இருக்காது, தெக்க மெல்போர்ன் சிட்னில குளிர் தாங்காம ஜனங்க எல்லாம் வடக்க ஓடி வருவாங்க, ஹோட்டல் நெறையும், படகு நெறையும், ஆள் வேணும் ஆள் வேணும்னு கேப்பாங்க. அதே மாசங்கள்ல போவன் ஊர்ல தக்காளி, குடமிளகாய் அறுவடையும் நடக்கும். மழைக்காலம் வந்துச்சுன்னா இது எல்லாமே தலைகீழ். டூரிஸ்ட் கொறஞ்சிடும், ரோஸ்டர்ல, அதாவது யாருக்கு என்னிக்கு வேலைங்கற பட்டியல்ல, உங்க பேர் அஞ்சு நாள்ல இருந்து ரெண்டு நாளாயிடும், கடல்ல ஸ்டிங்கர் சூட்னு ஜெல்லிமீன் கொட்டாம உடம்ப மூடுற உடுப்பு மாட்டாம இறங்க முடியாது. 2023 டிசம்பர்ல ஜாஸ்பர் புயல் வந்தப்போ கெய்ன்ஸ் ஏர்போர்ட்டே தண்ணில நின்னுச்சு, அந்த மாசம் புதுசா வந்து இறங்கின பேக்பேக்கர் பசங்க ஹாஸ்டல்ல வேலையும் இல்லாம கடலும் இல்லாம உக்காந்திருந்தத பாத்து எனக்கு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு.

ஆனா அதே டிசம்பர் ஜனவரில தெக்க கோடை. நூசா, கோல்ட் கோஸ்ட், பைரன் பே மாதிரி அலை இருக்குற ஊருக்கெல்லாம் ஸ்கூல் லீவு கூட்டம் குவியும், கஃபேக்காரங்க ஆள் தேடுவாங்க. ஆக மே மாசம் வடக்க வந்து இறங்கி, அக்டோபர் வரைக்கும் இருந்து, நவம்பர்ல கடற்கரையோரமாவே தெக்க இறங்கி வர்றதுதான் சரியான வழி. சிட்னில இறங்கி பிரெண்டு வீட்டுல ரெண்டு மாசம் தங்கிட்டு அப்புறம் யோசிச்சிக்கலாம்னு வந்தவங்கள்ல பாதிப் பேர் சிட்னியவே தாண்டல.

இன்னொரு விஷயம், சர்ஃபிங் ஆசையில கெய்ன்ஸ் வராதீங்க. இங்க அலையே கெடையாது. கிரேட் பேரியர் ரீஃப் 2,300 கிலோமீட்டருக்கு கரைக்கு வெளிய ஒரு மதில் மாதிரி நிக்குது, பசிபிக்ல இருந்து வர்ற அலை எல்லாம் அங்கயே ஒடஞ்சிடுது, கரைக்கு வர்றப்போ குளம் மாதிரி ஆயிடும். கிழக்குக் கடற்கரைல சர்ஃப் போர்டுக்கு ஏத்த அலை அக்னஸ் வாட்டர்லதான் ஆரம்பிக்குது, அது கெய்ன்ஸ்ல இருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல தெக்க. அதனால டைவிங், ஸ்நார்க்லிங், பாய்மரப் படகு எல்லாம் வடக்கு பாதி வருஷத்துக்கு, சர்ஃபிங் தெக்கு பாதி வருஷத்துக்குன்னு பிரிச்சு வச்சிக்கோங்க. மேற்குக் கரைக்கு போற எண்ணம் இருந்தா எக்ஸ்மவுத் பக்கம் நிங்கலூ ரீஃப் இருக்கு, மார்ச்ல இருந்து ஜூலை வரைக்கும் திமிங்கலச் சுறா கூட நீந்தலாம், ஆனா தூரம் ரொம்ப, முதல் வருஷத்துல ரெண்டு கரையையும் பிடிக்க நெனச்சா பெட்ரோலுக்குத்தான் சம்பாதிப்பீங்க.

விசா விஷயத்துக்கு வர்றேன், இதுலதான் நெறைய தப்பான தகவல் சுத்துது. உங்களுக்கானது 462ங்கற ஒர்க் அண்ட் ஹாலிடே விசா. 2022ல கையெழுத்தான இந்தியா ஆஸ்திரேலியா வர்த்தக ஒப்பந்தத்துல வந்த வாய்ப்பு இது, வருஷத்துக்கு 1,000 இந்தியர்களுக்கு மட்டும். குலுக்கல்தான். முதல் குலுக்கலுக்கு 2024 அக்டோபர் 1ல இருந்து ஒரு மாசம் பதிவு பண்ண விட்டாங்க, முதல் ரெண்டு வாரத்துலயே ஏறக்குறைய 40,000 பேர் பதிவு பண்ணிட்டாங்கன்னு ஆஸ்திரேலிய அமைச்சரே சொன்னாரு. பதிவுக்கு 25 ஆஸ்திரேலிய டாலர், பாஸ்போர்ட்டும் பான் கார்டும் வேணும், ஒரு ஆளுக்கு ஒரு பதிவுதான். கம்ப்யூட்டர் கண்ண மூடிட்டு எடுக்குற சீட்டு இது. அதனால நாங்க உங்க பேர வர வைக்கிறோம்னு எவனாவது ஆபீஸ் போட்டு காசு கேட்டா எந்திரிச்சு வந்துடுங்க, அவனால ஒண்ணும் பண்ண முடியாது. மலேசியா, சிங்கப்பூர் பாஸ்போர்ட் வச்சிருக்குற நம்ம ஆளுங்களுக்கும் இதே 462 உண்டு, அவங்களுக்கு இந்தக் குலுக்கல் கெடையாது.

பேர் வந்தா 28 நாளுக்குள்ள விசாவுக்கு அப்ளை பண்ணணும். அதுக்கு கட்டணம் தனி, 600 டாலருக்கு மேல, வருஷா வருஷம் ஜூலைல ஏத்துவாங்க. வயசு 18ல இருந்து 30 வரைக்கும், 31 பொறந்துட்டா முடிஞ்சுது. காலேஜ்ல கொறஞ்சது ரெண்டு வருஷம் படிச்சிருக்கணும், ஐஎல்ட்ஸ் இங்கிலீஷ் தேர்வுல சராசரி 4.5 போதும், கூட கொழந்தைகள கூட்டிட்டு போக முடியாது, அக்கவுண்ட்ல 5,000 டாலரும் திரும்பி வர டிக்கெட் காசும் காட்டணும். விசா கெடச்சப்புறம் உள்ள வர ஒரு வருஷம் டைம் இருக்கு, உள்ள கால் வச்ச நாள்ல இருந்துதான் உங்க 12 மாசம் எண்ண ஆரம்பிக்கும். இத ஏன் சொல்றேன்னா, விசா டிசம்பர்ல கெடச்சிடுச்சேன்னு ஜனவரியே ஓடி வராதீங்க. நாலு மாசம் ஊர்லயே இருந்து நீச்சல் கத்துக்கோங்க, இன்னும் கொஞ்சம் சேமிங்க, மே மாசம் வாங்க. அவசரப்பட்டு மழையில வந்து கைக்காச கரைச்சவங்கதான் அதிகம்.

அடுத்தது அந்த 88 நாள். முதல் விசால மூணு மாசம், அதாவது 88 நாள், அவங்க சொல்ற வகை வேலைய, அவங்க சொல்ற இடத்துல பாத்தா ரெண்டாவது வருஷத்துக்கு விசா கெடைக்கும், அதுக்கு மறுபடி குலுக்கல் கெடையாது. ரெண்டாவதுல ஆறு மாசம் பாத்தா மூணாவது. எல்லாரும் 88 நாள்னாலே தோட்டத்துல பழம் பறிக்கிறதுன்னு நெனச்சுக்குறாங்க. அப்படி இல்ல. மகர ரேகைக்கு வடக்க இருக்குற குயின்ஸ்லாந்தும் மேற்கு ஆஸ்திரேலியாவும், நார்தர்ன் டெரிடரி முழுசும் வடக்கு ஆஸ்திரேலியான்னு கணக்கு, அங்க டூரிஸம், ஹோட்டல், ரெஸ்டாரண்ட் வேலையும் இந்தக் கணக்குல சேரும். மீன்பிடி, முத்துப் பண்ணை வேலையும் சேரும், புரூம் ஊரே முத்தால வளந்த ஊர்தான். அதாவது ஏர்லி பீச்ல பாய்மரப் படகுல டெக்ஹேண்டா இருந்தாலும், கெய்ன்ஸ்ல ஹோட்டல்ல ரூம் சுத்தம் பண்ணாலும் உங்க நாள் ஏறிட்டே இருக்கும். அதே ரூம் சுத்தம் பண்ற வேலைய பைரன் பேல பாத்தா ஒரு நாள் கூட ஏறாது. தெக்க நாள் ஏறணும்னா தோட்ட வேலை, காஃப்ஸ் ஹார்பர் பக்கம் ப்ளூபெர்ரி மாதிரி, இல்ல ரீஜனல்னு அவங்க பட்டியல் போட்டிருக்குற இடத்துல கட்டட வேலை, இப்படி. வேலைக்கு சேர்றதுக்கு முன்னாடி அந்த இடத்து பின்கோட விசா தர்ற ஹோம் அஃபேர்ஸ் துறை சைட்ல போட்டுப் பாருங்க, முதலாளி வாயால சொல்றத நம்பாதீங்க.

ஒரே முதலாளிகிட்ட ஆறு மாசத்துக்கு மேல இருக்கக் கூடாதுன்னு ஒரு கண்டிஷன் உண்டு, ஆனா தோட்ட வேலைக்கும் வடக்கு பக்கத்து டூரிஸம் வேலைக்கும் அதுல விலக்கு இருக்கு. படிக்கிறதா இருந்தா மொத்தம் நாலு மாசம்தான்.

இப்போ வேலை எப்படி இருக்கும்னு நான் பாத்தத சொல்றேன். டல்லிங்கறது கெய்ன்ஸுக்கு தெக்க ஒரு சின்ன ஊர், நாடு முழுக்க போற வாழைப்பழத்துல பெரும்பங்கு டல்லி, இன்னிஸ்ஃபெய்ல் ரெண்டு ஊர சுத்தித்தான். மழைன்னா அப்படி ஒரு மழை, 1950ல ஒரே வருஷத்துல கிட்டத்தட்ட எட்டு மீட்டர் பேஞ்சிருக்கு, அந்த அளவுக்கே ஒசரமா ஊர் நடுவுல தங்கக் கலர்ல ஒரு ரப்பர் பூட்ஸ் சிலை நிக்கும். வாழை வருஷம் பூரா வெட்டுறதால மழைக்காலத்துலயும் வேலை நிக்காது, அதுதான் அங்க இருக்குற நல்லது. தோட்டத்துல ரெண்டு வேலை. ஒண்ணு தார் சொமக்கிறது, ஒருத்தர் வெட்டுவாரு, நீங்க கீழ நின்னு தோள்ல வாங்கணும், ஒரு தார் 50 கிலோ 60 கிலோ சாதாரணமா வரும், சேத்துல கால் பொதையும், தாருக்குள்ள இருந்து தவளை, சிலந்தி, சில நேரம் பாம்பு எல்லாம் வெளிய வரும். அது எனக்கு ரெண்டே நாள்தான் ஓடுச்சு, மூணாம் நாள் கழுத்த திருப்ப முடியல, நானே கேட்டு ஷெட்டுக்கு மாறிட்டேன். ஷெட்ல தார் கம்பில தொங்கிட்டு வரும், சீப்பு சீப்பா அறுத்து தண்ணித் தொட்டில போடுவாங்க, நாம அடுத்த பக்கம் நின்னு சீப்ப சின்னச் சின்னதா வெட்டி, கீறல் இருக்கா பாத்து, தரம் பிரிச்சு, பெட்டில வளைவா அடுக்கணும். நாள் பூரா கை ஈரம், வாழைப்பால் பட்ட சட்டை திரும்பி வெளுக்காது, நகத்தோரம் எல்லாம் கறுத்துடும். காலைல ஆறு மணிக்கு ஆரம்பம், ஒன்பதரைக்கு ஸ்மோகோன்னு ஒரு டீ பிரேக், மதியம் ரெண்டரை மூணுக்கு முடிஞ்சிடும். மூணு மணிக்கு மேல நாள் உங்களுது, 25 கிலோமீட்டர்ல மிஷன் பீச், அங்க போய் மணல்ல மல்லாந்து படுத்தா முதுகுவலி எங்க போச்சுன்னே தெரியாது. எனக்கு அந்த வேலை பிடிச்சிருந்துச்சு, அத உண்மையாவே சொல்றேன்.

படகு வேலை வேற மாதிரி. காலைல ஆறு மணிக்கு ஜெட்டில இருக்கணும், டேங்க் ஏத்தணும், ஐஸ் ஏத்தணும், சாப்பாட்டுப் பெட்டி ஏத்தணும், எட்டு எட்டரைக்கு படகு கிளம்பும், ரீஃபுக்கு ஒன்றரை மணிநேரம் ரெண்டு மணிநேரம். காத்து அடிக்கிற நாள்ல பாதி கஸ்டமர் வாந்தி எடுப்பாங்க, பைய நீட்டுறதும் மொகம் தொடச்சு விடுறதும் நம்ம வேலை. ஹோஸ்டின்னு சொல்ற அந்த வேலைல புதுசா வர்றவங்கள எடுப்பாங்க, டைவ் சர்டிபிகேட் இல்லாட்டியும் பரவால்ல, ஆளுங்க கூட சிரிச்சு பேசத் தெரியணும், கடல்ல பயமில்லாம நீந்தத் தெரியணும். கொஞ்ச நாள் தொடர்ந்து வேலை பாத்தா சில படகுல லீவு நாள்ல இடம் காலியா இருந்தா கூட்டிட்டு போவாங்க, மத்தவங்க காசு கொட்டிப் போற டைவ் எல்லாம் சும்மா கெடைக்கும். ஜூன் ஜூலைல ட்வார்ஃப் மிங்கின்னு ஒரு சின்ன வகை திமிங்கலம் வடக்கு ரீஃப் பக்கம் வரும், தண்ணில கயித்த பிடிச்சிட்டு அசையாம மிதந்தா அதுவே பக்கத்துல வந்து ஒரு கண்ணால நம்மள பாத்துட்டு போகும். ஒன்பது வருஷம் ஆச்சு, இன்னும் அது வர்றப்போ எனக்கு தொண்டை அடைக்கும்.

படகுல எங்களுக்கு ஒரே ஒரு வேலை எல்லா வேலைக்கும் மேல, அது தலை எண்ணுறது. 1998 ஜனவரில போர்ட் டக்ளஸ்ல இருந்து போன ஒரு டைவ் படகு, கணவன் மனைவி ரெண்டு பேர கடல்லயே விட்டுட்டு திரும்பி வந்துடுச்சு, ரெண்டு நாள் கழிச்சுதான் ஆள் இல்லன்னே தெரிஞ்சுது, அவங்க கெடைக்கவே இல்ல. அதுக்கப்புறம் குயின்ஸ்லாந்துல சட்டத்தையே இறுக்கினாங்க. இப்போ ஒவ்வொரு இடத்த விட்டு நகர்றதுக்கு முன்னாடியும் எண்ணணும், எழுதணும், கையெழுத்து போடணும். புதுசா வர்ற பசங்களுக்கு நான் முதல் நாள் சொல்லிக் கொடுக்கிறது இதுதான், ஒரு ஆள் டாய்லெட்ல இருக்காருன்னு இன்னொருத்தர் சொன்னா எண்ணிக்கைல சேக்காத, போய் கதவ தட்டி குரல் கேட்டுட்டு வந்து சேரு.

சம்பளம். 2025 ஜூலைல நாட்டோட அடிப்படைக் கூலிய மணிக்கு 24.95 டாலர் ஆக்கினாங்க, அத வச்சு சொல்றேன். நீங்க கேஷுவலா, அதாவது நிரந்தரம் இல்லாம தேவைக்கு கூப்பிடுற ஆளா சேந்தா லீவு, சிக் லீவு எதுவும் கெடையாதுங்கறதுக்காக 25 சதவீதம் கூட சேத்து தரணும், அது 31.19 வருது. முழு 38 மணிநேரம் கெடச்சா வாரத்துக்கு 1,185 டாலர், உங்க விசாக்காரங்களுக்கு முதல் டாலர்ல இருந்தே 15 சதவீத வரி, போனா 1,000 டாலர் சுமாரா கையில. ஆனா 38 மணிநேரம் எல்லா வாரமும் கெடைக்கும்னு கனவு காணாதீங்க, 25 மணிநேரம் வச்சு கணக்கு போடுங்க, அப்போ கையில 660 வரும், அதுல ஹாஸ்டல் பெட்டும் சாப்பாடும் போக மிச்சம் இருக்குறதுதான் உங்க டைவ் காசு. இது போக முதலாளி 12 சதவீதம் சூப்பர்னு ஓய்வுக்கால நிதில போடணும், நாட்ட விட்டு போனப்புறம் அத திரும்ப எடுக்கலாம், ஆனா அதுல 65 சதவீதம் வரியா பிடிச்சுப்பாங்க, அதனால அத பெரிய தொகையா நம்பி இருக்காதீங்க.

வந்ததும் டிஎஃப்என், அதாவது வரி எண், அதுக்கு ஆன்லைன்ல அப்ளை பண்ணுங்க, அது இலவசம், காசு வாங்கிட்டு போட்டுத் தர்றேன்னு சொல்ற சைட் பக்கமே போகாதீங்க. முதலாளி உங்க டிஎஃப்என் கேக்காம ஏபிஎன் எடுத்துட்டு வான்னு சொன்னா சுதாரிச்சுக்கோங்க. ஏபிஎன்னா நீங்க தனியா பிசினஸ் பண்றவர்னு அர்த்தம், அடிப்படைக் கூலியும் கெடையாது, சூப்பரும் கெடையாது, அடிபட்டா இன்சூரன்சும் கெடையாது. கஃபேல தட்டு கழுவுறவர் எப்படிங்க பிசினஸ்காரர் ஆவாரு? பழம் பறிக்கிற இடத்துல கிலோவுக்கு இவ்வளவுன்னு தர்றது உண்டு, ஆனா 2022 ஏப்ரல் 28ல இருந்து எவ்வளவு கொறவா பறிச்சாலும் மணிக்கணக்கு அடிப்படைக் கூலிக்கு கீழ தரக் கூடாதுன்னு விதி வந்தாச்சு. அதனால எத்தன மணிக்கு போனீங்க, எத்தன மணிக்கு வந்தீங்கன்னு தெனமும் போன்ல எழுதி வைங்க.

நான் வந்த புதுசுல ஒரு லேபர் காண்ட்ராக்டர்கிட்ட மூணு வாரம் ஓடினேன், அடுத்த வாரம் அடுத்த வாரம்னு இழுத்து கடைசில போன எடுக்கல. நான் மணிக்கணக்கு எழுதி வைக்கல, பேஸ்லிப்னு சொல்ற சம்பளச் சீட்டு கேக்கல, அவர் தமிழ்க்காரர் வேற, எப்படி கேக்குறதுன்னு கூச்சம். நீங்க கூச்சப்படாதீங்க. சம்பளம் தந்த ஒரு வேலைநாளுக்குள்ள பேஸ்லிப் தரணும்ங்கறது சட்டம். தெரிஞ்சே சம்பளத்த அமுக்கினா 2025 ஜனவரில இருந்து அது கிரிமினல் குத்தம். சம்பளப் புகார பாக்குற அரசு அமைப்பு ஃபேர் ஒர்க் ஆம்பட்ஸ்மன், அவங்க நம்பர் 13 13 94, இங்கிலீஷ்ல பேச தயக்கமா இருந்தா முதல்ல 131 450க்கு போட்டு தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேணும்னு கேளுங்க, கோத்து விடுவாங்க. விசாவ கேன்சல் பண்ணிடுவேன்னு முதலாளி மெரட்டினா அந்த அதிகாரம் அவருக்கு கெடையவே கெடையாது. பாஸ்போர்ட்ட யார் கையிலயும் கொடுக்காதீங்க. பேஸ்லிப்ப மட்டும் பத்திரமா வைங்க, 88 நாளுக்கு அதுதான் சாட்சி.

ஒர்க்கிங் ஹாஸ்டல்னு இருக்கு, அவங்களே தங்க பெட்டும் தந்து தோட்டத்துக்கு வேனும் விடுவாங்க. சிலது நல்லா இருக்கும், சிலதுல வேலை இருக்குன்னு சொல்லி வர வச்சு வாரக்கணக்குல வாடகை மட்டும் வாங்குவாங்க. அட்வான்ஸ் முழுசா கட்டாதீங்க, ஒரு வாரத்துக்கு மட்டும் கட்டி பாருங்க. உள்ள போனதும் ரூம்ல ஸ்மோக் அலாரம் இருக்கா, ஜன்னல் தொறக்குதா, வெளிய போற வழில கட்டில் கெடக்குதான்னு பாருங்க. பண்டபெர்க் பக்கம் சில்டர்ஸ்ங்கற ஊர்ல 2000 ஜூன் 23ஆம் தேதி விடியறதுக்கு முன்னாடி ஒரு பேக்பேக்கர் ஹாஸ்டல் தீப்பிடிச்சு 15 பேர் செத்துப் போனாங்க, பெரும்பாலும் பழம் பறிக்க வந்த பசங்க. அந்த வழியா போனா அந்தக் கட்டடத்துல அவங்க படம் வரைஞ்சு வச்சிருக்காங்க, ஒரு அஞ்சு நிமிஷம் நின்னு பாத்துட்டு போங்க.

இப்போ கடல். நான் மத்த எல்லாத்தையும் விட இதுக்காகத்தான் இவ்வளவு நீளமா எழுத உக்காந்தேன், ஏன்னா வெளிநாட்டுல இருந்து வந்த பசங்க இங்க மூழ்கிப் போற செய்தி ஒவ்வொரு கோடையிலயும் வருது, அதுல நம்ம பேர பாக்குறப்போ ரெண்டு நாள் தூக்கம் வராது. தெக்க அலை இருக்குற பீச்சுல ரிப்னு ஒண்ணு இருக்கு. அலை கரைக்கு கொண்டு வந்து கொட்டுற தண்ணி திரும்பி கடலுக்குப் போக ஒரு வாய்க்கால் மாதிரி வழி பண்ணிக்கும், அந்த இடத்துல அலை ஒடையாது, நொரை இருக்காது, தண்ணி கொஞ்சம் கறுப்பா அமைதியா தெரியும். தெரியாத ஆள் என்ன நெனப்பாரு, ரெண்டு பக்கமும் அலை பொங்குது, நடுவுல அமைதியா இருக்கே, அங்கயே எறங்குவோம்னு நெனப்பாரு. அதுதான் ஆள இழுக்குற எடம். இழுத்துச்சுன்னா கரையப் பாத்து எதிர்நீச்சல் போடாதீங்க, ஒலிம்பிக்காரரே சோந்துடுவாரு. மல்லாந்து மெதங்க, கைய தூக்கி ஆட்டுங்க, கத்துங்க, இழுப்பு கொறஞ்சதும் பக்கவாட்டுல அலை ஒடையிற பக்கமா நீந்துங்க. எல்லாத்துக்கும் மேல, செவப்பு மஞ்சள் கொடி ரெண்டு நட்டு வச்சிருப்பாங்க, அதுக்கு நடுவுல மட்டும் எறங்குங்க. கொடி இல்லாத பீச்சுல, லைஃப்சேவர் கிளம்பிப் போன சாயங்காலத்துல, கூட்டமா போட்டோ எடுக்க பாறை மேல ஏறி, இதெல்லாம் வேண்டவே வேண்டாம்.

வடக்க அலை இல்ல, ஆனா வேற ஆபத்து. நவம்பர்ல இருந்து மே வரைக்கும் பாக்ஸ் ஜெல்லிமீன், கூடவே இருகான்ஜின்னு நகத்தளவு ஒண்ணு, கண்ணுக்கே தெரியாது. அந்த மாசங்கள்ல ஸ்டிங்கர் சூட் போடாம, வலை கட்டாத எடத்துல எறங்காதீங்க. பீச்சுல அங்கங்க கம்பத்துல வினிகர் பாட்டில் வச்சிருப்பாங்க, கொட்டிட்டா தேய்க்காம அந்த வினிகர அரை நிமிஷம் ஊத்தி 000க்கு போன் போடுங்க. ஆத்து முகத்துவாரம், சதுப்புக் காடு, அங்க எல்லாம் முதலை. போர்டு இல்லங்கறதால முதலை இல்லன்னு அர்த்தம் இல்ல. டைவ் அடிச்சா அடுத்து ஃபிளைட் ஏற 18ல இருந்து 24 மணிநேரம் இடைவெளி விடுங்க. மெடிக்கல் இன்சூரன்ஸ் எடுத்துட்டு வாங்க, இந்தியாவுக்கு இங்க இலவச வைத்திய ஒப்பந்தம் எதுவும் கெடையாது, அந்த இன்சூரன்ஸ்ல டைவிங்கும் சேந்திருக்கான்னு படிச்சு பாருங்க.

கடன் வாங்கி வரலாமான்னு கேட்டீங்க. வேண்டாம் தம்பி. கணக்கு மேல சொன்னதுதான், நல்ல வாரத்துல மிஞ்சும், மோசமான வாரத்துல கைக்காசுதான் போகும். மாசா மாசம் வட்டி கட்டணும்னு தலைல பாரம் இருந்தா கம்மி சம்பளம் தர்றவன்கிட்ட வாய மூடிட்டு நிக்க வேண்டி வரும், வேலைய விட்டு அடுத்த ஊருக்கு போக மனசு வராது, கடல்ல எறங்கினாக் கூட மனசு கரையிலயே இருக்கும். நான் பாத்ததுல நல்லா இருந்த பசங்க எல்லாம் ஊர்ல ரெண்டு வருஷம் வேலை பாத்து சேத்த காச எடுத்துட்டு வந்தவங்க, காட்ட வேண்டிய 5,000 போக இன்னும் ரெண்டு மாசத்துக்கு வேலை இல்லாட்டியும் தாங்குற அளவு கையில வச்சிருந்தவங்க. உங்களுக்கு வயசு 26, இன்னும் நாலு குலுக்கல் வரைக்கும் டைம் இருக்கு, அவசரமே இல்ல.

அதுவரைக்கும் இந்த வாரமே போய் நீச்சல்ல சேருங்க. 200 மீட்டர் நிக்காம நீந்தணும், காலுக்கு தரை தட்டாத எடத்துல பத்து நிமிஷம் மெதக்கணும், ஓபன் வாட்டர்ங்கற ஆரம்ப டைவ் கோர்ஸ்ல முதல்ல கேக்குறது இதத்தான், படகு வேலைக்கு நான் ஆள் பாக்குறப்பவும் முதல்ல கேக்குறது இதத்தான். விசா வந்துச்சுன்னா எந்த மாசம் வர்றீங்க, கையில எவ்வளவு இருக்குன்னு மட்டும் எழுதுங்க, அந்த மாசத்துக்கு எந்த ஊர்ல இறங்கறது நல்லதுன்னு பாத்து சொல்றேன்.